விண் அப்பமும் விண்ணப்பமும்

வானம் பார்த்த பூமி என்று பெயர் பெற்றது நமது கரிசற் சீமை. விருதுநகரிலும் சாத்தூரிலும் சிவகாசியிலும் உழவன் விதைக்குமுன் அண்ணாந்து பார்ப்பான். விதைத்தபின் அண்ணாந்து பார்ப்பான். விளையாமற் போனபின்னும் அண்ணாந்தே பார்ப்பான். பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததேயன்றி, வானம் ஒருநாளும் சோறு போட்டதில்லை. சில ஆண்டுகளில் மழை போட்டது; பல ஆண்டுகளில் அதையும் போடவில்லை.

ஆனால் வானமே சோறு போட்டது, அதுவும் நாற்பது ஆண்டுகள் நாள் தவறாமல் போட்டது என்று ஒரு கதை உலவுகிறது. யூதரின் மறைநூலில் உள்ள கதை அது. கிறித்துவ மறையின் முற்பகுதியிலும் இருப்பதால், நம் ஊர்த் தேவாலயங்களிலும் ஒலிக்கிறது. எகிப்து மன்னனுக்கு அடிமைப்பட்டுச் செங்கல் அறுத்துக் கிடந்த இசுரவேல் மக்கள், மோசேயின் தலைமையில் விடுதலை பெற்றுப் பாலைவனம் புகுந்தனர். பசி வாட்டியது, முணுமுணுத்தனர். ஒருநாட் காலை பனி விலகியதும், கொத்துமல்லி விதைபோல் வெண்மையாய் ஏதோ தரையெங்கும் பரவிக் கிடந்தது. “இது என்ன?” என்று ஒருவரையொருவர் கேட்டனர். அந்தக் கேள்வியே அந்த உணவுக்குப் பெயராயிற்று: மன்னா! தலைக்கு ஓர் ஓமர் என்று அளவு. நிறைய வாரியவனுக்கு மிஞ்சவில்லை. கொஞ்சம் வாரியவனுக்குக் குறையவில்லை. நாளைக்கென்று பதுக்கினால் புழுத்து நாறியது. ஆறாம் நாள் இருமடங்கு. ஏழாம் நாள் ஓய்வு.

நயமான கதைதான். கதை என்ற அளவில் நின்றிருந்தால் நமக்கு அதனோடு வழக்கு எதுவுமில்லை. ஆனால் கதை வயிற்றோடு நிற்கவில்லை, தலைக்கு ஏறிற்று. பசித்தவன் செய்யவேண்டியது யாது என்று சட்டம் பேசத் தொடங்கிற்று. அதனாலேயே அதனைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டியிருக்கிறது.

யூத அறிஞர்கள் இந்தக் கதைக்கு நூற்றாண்டுக் கணக்கில் உரை வகுத்தனர். அவ்வுரைகளின் பெருந்தொகுப்புக்குத் தால்மூது என்று பெயர். அதில் உண்ணா நோன்பைப் பற்றிப் பேசும் யோமா என்ற பகுதியிலேதான் மன்னாவைப் பற்றிய விருந்து பரிமாறப்படுகிறது! இளைஞன் உண்டால் அப்பத்தின் சுவையாம். முதியவன் உண்டால் எண்ணெயின் சுவையாம். குழந்தை உண்டால் தேனின் சுவையாம். மன்னாவோடு முத்தும் மணியும் விழுந்தனவாம். நல்லவனுக்கு வீட்டு வாயிலிலேயே விழுந்ததாம். நடுத்தரமானவன் வெளியே போய்ப் பொறுக்கிக்கொண்டானாம். பொல்லாதவன் அலைந்து திரிந்து தேடினானாம்.

இந்த இடத்தில் சற்றே நில்லுங்கள், தோழர்களே! உணவு எவ்வளவு தொலைவில் கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அவன் பாவி என்கிறது உரை. நம் ஊரில் இதே சரக்குக்கு வேறு பெயர் உண்டு: வினைப்பயன், தலையெழுத்து, முற்பிறவிப் பாவம். தீப்பெட்டிக் கட்டை அடுக்கிச் சட்டத்தில் செருகும் தாய், பட்டாசுத் திரி முறுக்கும் தாய், விடியற் கருக்கலில் எழுந்து நடந்து, மாலையில் கூலியோடு திரும்பினாற்றான் அடுப்பு எரியும். அவளுக்குச் சோறு தொலைவிலிருக்கிறது; ஆகவே அவள் பொல்லாதவளா? உட்கார்ந்த இடத்திற்கே தட்டு வருகிறதே, அந்த முதலாளி புண்ணியவானா? கூலிக் கணக்கில் கேட்கவேண்டிய கேள்வியைப் பாவக் கணக்கில் பற்று எழுதிவிடுகிற தந்திரத்திற்கு நாடு ஏது, மொழி ஏது?

அடுத்த உரை இன்னும் வெளிப்படையானது. மாணாக்கர்கள் சிமியோன் பென் யோகாய் என்ற ஆசானைக் கேட்டனராம்: ஆண்டுக்கு ஒருமுறை மொத்தமாக மன்னா விழுந்திருக்கலாகாதா, நாள்தோறும் ஏன்? கேள்வி அறிவுடைய கேள்வி. ஆசான் ஓர் உவமை சொன்னார். அரசன் ஒருவன் தன் மகனுக்கு ஆண்டுக்கொருமுறை படியளந்தான். மகன் ஆண்டுக்கொருமுறைதான் தந்தையைப் பார்க்க வந்தான். அரசன் நாள்தோறும் படியளக்கத் தொடங்கினான். மகனும் நாள்தோறும் வந்து நின்றான். நாலைந்து பிள்ளை பெற்றவன், நாளைக்கு மன்னா விழாவிட்டால் பிள்ளைகள் என்னாவார்கள் என்று அஞ்சுவான். அஞ்சி அண்ணாந்து பார்ப்பான். அதற்காகத்தான் அன்றாடப் படி!

உரையாசிரியர் பக்தியின் பெருமை என்று எண்ணிச் சொன்னார். நாம் அதை வாக்குமூலம் என்று கொள்கிறோம். விண்ணிலிருந்து அப்பம் விழுந்ததாம். விழுந்த நாள்முதல் மனிதன் கையில் விண்ணப்பம்! விண் அப்பம் விண்ணப்பமான இந்த மாயத்தைவிட வேறென்ன மாயம் வேண்டும்? நிறைய கொடுத்தால் நிமிர்ந்துவிடுவான்; அன்றன்று அளந்தால் குனிந்தே இருப்பான். ஆண்டவன் பெயரால் சொல்லப்பட்ட இந்த அரசியலை ஆண்டைகள் அத்தனை பேரும் கற்றிருக்கிறார்கள். அன்றாடங்காய்ச்சி என்று ஒரு சொல்லே நம் மொழியில் உண்டல்லவா? முன்பணம் கொடுத்துக் குடும்பத்தைக் கட்டிப்போட்டு, எண்ணிக்கைக்குக் கூலி அளந்து, நாளை வேலை உண்டோ இல்லையோ என்று ஏங்கவைக்கும் ஏற்பாட்டை நம் பகுதியில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

யூத அறிஞர்களிடம் நேர்மையும் இருந்தது; அதை மறைப்பது நமக்கு அழகன்று. மன்னாவைத் தந்து ஆண்டவன் உங்களை ஒடுக்கினான் என்று மறைநூலில் ஓர் இடம் வருகிறது. உணவு கொடுப்பது ஒடுக்குவதாகுமா என்று அவர்களே கேட்டுக்கொண்டனர். ஆகும் என்று அவர்களே விடையும் கூறினர்: கூடையில் நாளைக்கு அப்பம் இருப்பவன் உண்பதும், கூடை வெறுமையாய் இருப்பவன் உண்பதும் ஒன்றாகா. வயிறு நிறைந்தாலும் அவன் மனம் நிறைவதில்லை. ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இந்த ஒரு வரி அறிவுக்கு நாம் தலைவணங்குகிறோம். நாளைய சோற்றுக்கு உறுதி இல்லாதவனுக்கு இன்றைய சோறு முழுச்சோறு அன்று. அவனுக்கு வேண்டியது அற்புதமா, உறுதியா? அங்கேதான் அவர்களும் நாமும் பிரிகிறோம்.

வேறொரு வகையில் பிரிந்தவர்களும் அவர்களிடையே உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் இவி அல்பல்கி என்ற யூதர் ஒருவர், மறைநூலின்மீது நூற்றுக்கணக்கான ஐயவினாக்களைத் தொடுத்தார். மன்னா என்பது வானத்துச் சரக்கு அன்று, பாரசீகத்தில் செடியிற் படியும் இனிப்புப் பொருளே என்றார். பிற்காலத்து உரையாசிரியர் இபின் எசுரா சீறினார்: உன் பொருள் ஆண்டு முழுதும் கிடைக்குமா? ஓய்வுநாளில் மட்டும் நிற்குமா? மக்கள் போகுமிடமெல்லாம் கூடவே போகுமா? வினாக்களோடு அவர் விடவில்லை. இவியின் எலும்புகள் தூளாகட்டும் என்று சாபமும் கொடுத்தார், அவர் பெயரைத் திரித்து நாயென்றும் ஏசினார். இவியின் நூல் இன்று இல்லை. மறுத்தவர்களின் ஏடுகளிலிருந்துதான் அவர் ஒருவர் இருந்தார் என்றே தெரிகிறது. நம் நாட்டு உலகாயதருக்கும் அதே கதி நேர்ந்ததல்லவா? கேட்டவனின் ஏடு அழியும். ஏசியவனின் ஏடு நிலைக்கும். வைதிகத்தின் நூலகம் எந்த நாட்டிலும் அப்படித்தான் அடுக்கப்பட்டிருக்கிறது.

ஆனால் அறிவின் வழக்கு மேன்முறையீட்டில் பிழைத்தது. 1927-ல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பூச்சியியல் அறிஞர் போடன்ஐமர் சீனாய்ப் பாலைவனத்திற்கே சென்று ஆராய்ந்தார். அங்குள்ள ஒருவகைச் சவுக்குச் செடியின் சாற்றை உறிஞ்சும் சிறு பூச்சிகள் இனிப்பான துளிகளைக் கழிக்கின்றன. அவை பாலையின் வறண்ட காற்றில் உறைந்து மணிமணியாய் உதிர்கின்றன என்று காட்டினார். வானத்து அப்பத்தைத் தேடிப் போனால் வழியில் ஒரு பூச்சி நிற்கிறது! ஒரு கூட்டம் முழுவதையும் நாற்பது ஆண்டுகள் காப்பாற்ற அது போதாது, உண்மைதான். போதாத இடத்தை நிரப்பியது வானமன்று, கற்பனை.

அயலார் வீட்டு அற்புதத்தை மட்டும் சிரித்துவிட்டு நம் வீட்டு அற்புதத்தை அடைகாக்கும் ஆத்திகர் கூட்டத்தைச் சேர்ந்தவர்களல்லர் நாம். நம்மிடமும் பானைகள் உண்டு. மணிமேகலையின் கையில் அமுதசுரபி. அள்ள அள்ளக் குறையாது. அதைக்கொண்டு அவள் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கினாள். பசிப்பிணி தீர்ப்பதே பேரறம் என்ற சாத்தனாரின் கொள்கை பொன்னானது. பானை மட்டும் பொய். பானையை நம்பிக் கொள்கையைக் கைவிட்டவன் தமிழன்.

திருவீழிமிழலைக் கதை இன்னும் சுவையானது. பஞ்ச காலத்தில் திருநாவுக்கரசருக்கும் ஞானசம்பந்தருக்கும் சிவன் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு வைத்தானாம். நாவுக்கரசர் காசு நற்காசு. சம்பந்தர் காசுக்கு வட்டம் பிடித்தார்களாம். காரணம், நாவுக்கரசர் கையால் உழைத்துத் தொண்டு செய்தவர். பாடியவன் காசைவிடப் பாடுபட்டவன் காசுக்கு மதிப்பு அதிகம் என்று புராணமே தீர்ப்பளிக்கிறது! அது கிடக்கட்டும். காசைக் கடைக்கு எடுத்துச் சென்றதும் அரிசி கிடைத்ததாமே, எப்படி? பஞ்சத்திலும் கடையில் அரிசி இருந்தது. ஏழையின் மடியில்தான் காசு இல்லை. பஞ்சத்தின் இரகசியமே அதுதான் என்பதை அமர்த்தியா சென் 1981-ல் வெளியிட்ட ஆய்வுநூலில் உலகுக்கு விளக்கினார். 1876 முதல் 1878 வரை தாது வருடப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மக்கள் இலட்சக்கணக்கில் மடிந்தபோதும் இந்நாட்டுத் தானியம் கப்பலேறிக்கொண்டுதான் இருந்தது. அண்ணாந்து பார்த்தவன் கண்ணுக்குக் கப்பல் தெரியவில்லை!

பொழிகிற உணவிலும் சுரக்கிற பானையிலும் மற்றொரு நயமும் உண்டு. அங்கே உழுத கை இல்லை, அறுத்த கை இல்லை, ஆக்கிய கை இல்லை. எந்தச் சாதிக்காரன் கை என்ற கேள்வியே எழாத உணவு அது. கையைக் கண்டு அருவருக்கும் நாட்டில் கையில்லாத சோறு தெய்விகமாகாமல் வேறென்னாகும்? நம் பக்கத்திலேயே, சேரன்மாதேவியில், வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில், காங்கிரசின் பொதுப்பணத்தைப் பெற்றுக்கொண்டே பார்ப்பனப் பிள்ளைகளுக்குத் தனிப்பந்தி விரித்தார்கள். 1920-களின் நடுவில் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் அதை எதிர்த்துப் போர்க்கொடி உயர்த்தினார்கள். சோற்றில் இல்லை சண்டை, பந்தியில் இருந்தது. அது பழங்கதை என்று எவரும் பெருமூச்சு விடவேண்டாம். 2023 செப்டம்பரில் எட்டயபுரத்தை அடுத்த உசிலம்பட்டி என்ற சிற்றூரில், பள்ளிக் காலை உணவைச் சமைத்த பெண் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் என்பதால் பிள்ளைகள் உண்ண மறுத்தனர். பிள்ளைகளா மறுத்தனர்? பெரியவர்களின் நஞ்சு பிள்ளைகளின் வாயை அடைத்தது. நாடாளுமன்ற உறுப்பினர் கனிமொழி அங்கே சென்று பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்டார். வானத்திலிருந்து விழுந்ததென்றால் வாரி உண்பார்களாம். பக்கத்துத் தெருப் பெண் பொங்கினால் பட்டினி கிடப்பார்களாம்!

இனி, அண்ணாந்து பார்க்காமல் அடுப்பைப் பார்த்தவர்களின் கதைக்கு வருவோம்.

விருதுநகர் அப்போது விருதுபட்டி. கோயில் வாயில்கள் அடைக்கப்பட்டிருந்த நாடார் மக்கள் தெய்வத்திடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்கவில்லை. வணிகத்தில் மகமை பிரித்தார்கள். வீட்டுக்கு வீடு பெண்கள் உலையிடும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அந்தப் பிடி அரிசி திரண்டு சத்திரிய வித்தியாசாலை என்ற பள்ளிக்கூடமாயிற்று. அள்ள அள்ளக் குறையாத பானை எங்கே இருக்கிறது என்று கேட்பவர்க்கு நாம் காட்டும் பானை இதுதான்: ஆளுக்கொரு பிடி போடுவதால் நிறையும் பானை. அந்தப் பள்ளியில் படித்த காமராசர், முதலமைச்சரானபின், 1956-ல் எட்டயபுரத்தில் பள்ளி மதிய உணவைத் தொடங்கி வைத்தார். சுயமரியாதை உணர்வில் ஊறிய நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராயிருந்து ஊர் ஊராய் அதற்கு ஆதரவு திரட்டினார். எந்த எட்டயபுரத்தில் அந்த அடுப்பு மூட்டப்பட்டதோ, அந்த எட்டயபுரத்துக்கு அருகிலேயே 67 ஆண்டுகள் கழித்து அடுப்பின்மீது சாதி தண்ணீர் ஊற்றப் பார்த்தது என்பதை இளைஞர்கள் மறவாதிருக்க வேண்டும்.

அதற்கும் முன்னோடி உண்டு. 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராயிருந்தபோது, ஆயிரம்விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல், நண்பகல் உணவு கொடுக்கத் தீர்மானம் நிறைவேறியது. அன்னிய ஆட்சி செலவுக் கணக்குக் காட்டி 1925-ல் அதை நிறுத்தியது. பின்னர் 1982 சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரித்தார். 1989-ல் கலைஞர் ஆட்சி முட்டையைச் சேர்த்தது. 2001 நவம்பரில் உச்சநீதிமன்றம், எல்லா மாநிலங்களும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தரவேண்டும் என்று ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் காலை உணவுத் திட்டம் பிறந்தது. 1,545 பள்ளிகளில் தொடங்கி, மறு ஆண்டே 31,008 பள்ளிகளுக்குப் பரந்தது. மன்னாவுக்குச் சாட்சி ஒரு நூல். இதற்குச் சாட்சி வரவு செலவுத் திட்டம், அரிசி மூட்டைக் கணக்கு, மகளிர் சுய உதவிக் குழுப் பெண்களின் வியர்வை, பிள்ளைகளின் வருகைப் பதிவேடு.

பள்ளியில் பாடம் நடத்தும் நமக்கு அந்தப் பதிவேட்டின் மொழி தெரியும். பசித்த பிள்ளைக்குக் கரும்பலகை கண்ணில் தெரியாது. ஆத்திசூடி காதில் ஏறாது. சிவகாசி வட்டாரத்தில் 1970-களிலும் 80-களிலும், விடியுமுன் ஆலைப் பேருந்துகள் சிற்றூர்களுக்கு வந்து சிறுவர் சிறுமியரை வாரிச் சென்றன. வானம் பார்த்த பூமி பொய்த்தது. பிள்ளையின் பிஞ்சு விரலில் கந்தகம் ஒட்டியது. 1996 திசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என்றது. சட்டம் ஒருபுறம் இழுத்தது. பள்ளிக்கூடத்துச் சோறு மறுபுறம் இழுத்தது. பிள்ளை வகுப்பறைக்கு வந்தது. எந்தத் தேவதூதனும் இந்த வேலைக்கு வரவில்லை.

இதைத்தான் இன்று சிலர் இலவசம் என்று இகழ்கிறார்கள். 2022 சூலையில் இந்திய நாட்டின் தலைமை அமைச்சரே, வடநாட்டு மிட்டாய் ஒன்றின் பெயரைச் சொல்லி இலவசப் பண்பாடு நாட்டைக் கெடுக்கும் என்றார். 2023 ஆகத்தில் ஒரு நாளேடு, பிள்ளைகள் காலையிலும் உண்பதால் பள்ளிக் கழிப்பறை நிரம்பி வழிகிறதென்று தலைப்புப் போட்டு மகிழ்ந்தது. இவர்களை நாம் கேட்கிறோம்: வானத்திலிருந்து விழுந்தால் அருள், வரிப்பணத்திலிருந்து வந்தால் இலவசமா? கோயிலில் கொடுத்தால் பிரசாதம், பள்ளியில் கொடுத்தால் பிச்சையா? நாற்பது ஆண்டுகள் உழாமல் உண்ட கூட்டத்தைப் புண்ணியக் கதையாகப் பாராயணம் செய்யலாம். ஏழு வயதுப் பிள்ளை ஒரு கரண்டிப் பொங்கல் உண்டால் பொருளாதாரம் கவிழ்ந்துவிடுமா? தீப்பெட்டிக்கும் வரி கொடுக்கும் ஏழையின் பிள்ளை உண்பது அவன் தகப்பன் பணத்தை. எவன் வீட்டுப் பத்தாயத்தையும் அல்ல.

அருளாகக் கொடுப்பவர்களிடம் வேறோர் எச்சரிக்கையும் வேண்டும். மன்னாவில் எல்லாச் சுவையும் இருந்ததாம்; வெங்காயம், பூண்டு முதலிய ஐந்தின் சுவை மட்டும் இல்லையாம் என்கிறது தால்மூது. எகிப்தில் தின்ற வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து மக்கள் ஏங்கி அழுதனர் என்கிறது மறைநூல். வேடிக்கையைப் பாருங்கள்! 2020-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளின் காலை உணவை, மகாபாரதத்துப் பானையின் பெயரையே தாங்கிய அட்சய பாத்திர அமைப்பிடம் ஒப்படைக்க முற்பட்டபோது, அவர்கள் சமையலில் முட்டை மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும் இல்லை என்று தமிழ்நாடு கொதித்தது. கொடுப்பவன் தன் வேதத்தைக் குழம்பில் கரைத்துக் கொடுப்பான். அருள் என்று வாங்கினால் அதையும் சேர்த்துத்தான் விழுங்கவேண்டும். உரிமை என்று வாங்கினால் எங்கள் பிள்ளைக்கு முட்டை எங்கே என்று கேட்கலாம்.

ஆகவே இளைஞர்களே, மன்னாக் கதையில் கொள்ளத்தக்கதைக் கொள்வோம், தள்ளத்தக்கதைத் தள்ளுவோம். தலைக்கு ஓர் அளவு, பதுக்கினால் புழுக்கும் என்ற நீதி நல்ல நீதி. அதை நடத்த வானம் வேண்டாம். சட்டமும் கூட்டுறவும் கண்காணிப்பும் போதும். உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். அரிசி அளவாக வருகிறதா, பருப்பு பதுங்குகிறதா என்று பாருங்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே பந்தியில் அமர்கிறார்களா என்று பாருங்கள். சமைக்கும் தாய்க்குக் கூலி காலத்தில் கிடைக்கிறதா என்று கேளுங்கள். அவள் கையால் ஒரு கவளம் வாங்கி எல்லோரும் காண உண்ணுங்கள். சாதி சொல்லிப் பிள்ளையை எழுப்பிக்கொண்டு போகிறவன் வீட்டு வாயிலில் நின்று பேசுங்கள்.

மறைநூலே கடைசியில் ஓர் உண்மையைச் சொல்லி முடிக்கிறது. இசுரவேல் மக்கள் கானான் நாட்டை அடைந்து அந்நிலத்தின் விளைச்சலை உண்ட மறுநாளே மன்னா நின்றுபோயிற்றாம். ஏர் நடந்த இடத்தில் அற்புதத்திற்கு வேலையில்லை! பாலைவனத்தில் அந்த மக்கள் முதன்முதலில் செய்தது வணக்கமன்று, வினா. “இது என்ன?” என்று கேட்டார்கள். அந்த வினாவைத் தின்றுவிட்டுத்தான் பக்தி வளர்ந்தது. நாம் அதை மீட்டெடுப்போம். சோறு வரும்போது இது யார் உழைப்பு என்று கேட்போம். சோறு வராதபோது இது யார் பதுக்கல் என்று கேட்போம்.